அளந்து ஊற்றிய நீர்

செடி வளர்ப்பில் எனக்கு ஆர்வம் இருந்ததில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இருபது ஆண்டுகளாகக் கல்லூரியில் சங்க இலக்கியம் நடத்துகிறேன். குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கிச் செல்லும் தொண்ணூற்றொன்பது பூக்களின் பெயர்களையும் மாணவியரை மனப்பாடம் செய்ய வைத்திருக்கிறேன். அவற்றுள் நேரில் பார்த்து இன்ன பூ என்று என்னால் அடையாளம் சொல்லக்கூடியவை இருபதுகூடத் தேறாது. பூக்கள் எனக்குச் சொற்களாகவே அறிமுகமானவை. எங்கள் வீட்டு மாடியில் துளசி ஒன்றும் என் மாமியார் வைத்துப்போன கற்றாழை ஒன்றும் இருந்தன. அவை எங்கள் கவனிப்பால் வாழ்ந்தன என்று சொல்ல மாட்டேன்.

2023 ஜனவரியில் துறை மாணவியரை உதகைக்குச் சுற்றுலா அழைத்துச் சென்றோம். 1848இல் மெக்ஐவர் என்பவரின் பொறுப்பில் உருவாகத் தொடங்கிய அந்தத் தாவரவியல் பூங்காவை மாணவியர் பெரும்பாலும் படம் பிடித்துக்கொள்ளும் இடமாகவே பயன்படுத்தினார்கள். நான் வெளியே வந்து, சாலையோரக் கடை ஒன்றில் நின்றேன். கறுப்புப் பிளாஸ்டிக் தொட்டிகளில் கைப்பிடி அளவில் வரிசையாகச் செடிகள். அவற்றுள் ஒன்று தாமரை மொட்டு பாதி விரிந்ததுபோல் இருந்தது. அடுக்கடுக்காகத் தடித்த இதழ்கள். நடுவில் சாம்பல் கலந்த ஊதா, ஓரங்களில் இளஞ்சிவப்பு, எல்லாவற்றுக்கும் மேல் திருநீறு பூசியதுபோல் மெல்லிய வெண்பூச்சு. "இது என்ன பூ?" என்று கேட்டேன். "பூ இல்லீங்க மேடம், அத்தனையும் இலைதான்" என்றார் கடைக்காரப் பெண். எச்சிவேரியா என்று பெயர் சொன்னார். நூற்றைம்பது ரூபாய். வாரம் ஒருமுறை ஒரு டம்ளர் தண்ணீர் போதும் என்றார். அந்த அறிவுரை எந்த ஊருக்குப் பொருந்துமோ, பள்ளிபாளையத்துக்குப் பொருந்தவில்லை.

மலையிலிருந்து இறங்கும் பேருந்தில் அதை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன். வீட்டுக்குள் நுழைந்ததும் அப்பா பார்த்தார். சாய்வு நாற்காலியில் இருந்தபடியே கையை நீட்டி வாங்கி, கண்ணுக்கு அருகில் கொண்டுபோனார்.

"பிளாஸ்டிக்காட்ட இருக்குது. நெசமா?"

"நெசந்தானுங்கப்பா."

"கத்திரிப்பூவும் வெங்காயத்தோலும் கலந்த நெறம் அம்மிணி இது. லேசுல வராது. ரெண்டு தொட்டி முக்கணும்."

அப்பா முப்பத்தெட்டு ஆண்டுகள் சாயப்பட்டறையில் இருந்தவர். நூல் சிட்டங்களைச் சாயத்தொட்டியில் முக்கிப் புரட்டும் வேலையில் சேர்ந்து, நிறம் பார்த்துச் சொல்லும் மாஸ்டராக ஓய்வு பெற்றார். நிறங்களுக்கு அவரிடம் அட்டை எண்கள் கிடையா. அரக்கு, மாம்பழ மஞ்சள், மயில்கழுத்து, வெங்காயத்தோல் என்று பெயர்கள்தாம். நனைந்த நூலின் நிறத்தைப் பார்த்து, காய்ந்த பின் அது எந்த நிறத்தில் நிற்கும் என்று சொல்லிவிடுவார். அவருடைய நகக்கண்களில் ஒரு நீலம் கடைசிவரை இருந்தது.

அந்த ஜனவரியில் அவருக்கு டயாலிசிஸ் தொடங்கி ஓராண்டு ஆகியிருந்தது. சர்க்கரையும் இரத்தக் கொதிப்பும் சேர்ந்து இரண்டு சிறுநீரகங்களையும் முடித்துவிட்டிருந்தன. செவ்வாயும் வெள்ளியும் காவிரிப் பாலத்தைத் தாண்டி ஈரோட்டில் ஒரு மருத்துவமனைக்குப் போவோம். நான்கு மணி நேரம். நோயைவிட அவரை வருத்தியது அதனோடு வந்த கட்டுப்பாடுதான். ஒரு நாளைக்கு 750 மில்லி. தண்ணீர், காப்பி, ரசம், மோர், மாத்திரை விழுங்கும் மடக்கு எல்லாம் சேர்த்து அவ்வளவுதான். உடல் வெளியேற்றாத நீர் உடலிலேயே தங்கும்; காலில் வீங்கும், நுரையீரலில் கோக்கும், இதயத்தை அழுத்தும். எனவே அளவு. சமையலறை அளவுக்குவளையால் காலையில் ஒரு பாட்டிலில் ஊற்றி வைப்பேன். காப்பிக்கும் ரசத்துக்கும் கழித்ததுபோக, அரை லிட்டருக்கும் சற்றுக் குறைவாக வரும். அப்பா அதில் சிவப்பு நூல் ஒன்றைச் சுற்றிக் கட்டிவைத்திருந்தார். மதியச் சாப்பாட்டின்போது நீர்மட்டம் அந்த நூலுக்குக் கீழே இறங்கியிருக்கக் கூடாது என்பது அவருடைய கணக்கு.

எங்கள் வீட்டு மாடியிலிருந்து ஆறு தெரியும். அதைப் பற்றி நான் மேலும் எழுத வேண்டியதில்லை. சாயப்பட்டறையில் வாழ்நாளெல்லாம் தொட்டி தொட்டியாகத் தண்ணீரைப் புழங்கியவர் அவர். பட்டறைகளின் நீர் எங்கே போய்ச் சேர்ந்தது என்பதும் அவருக்குத் தெரியும். அந்தப் பேச்சு வந்தால் எழுந்து உள்ளே போய்விடுவார்.

செடிக்குத் திரும்புகிறேன். கடைக்காரப் பெண் சொன்னபடி வாரம் ஒரு டம்ளர் ஊற்றினேன். மூன்றாவது வாரத்தில் கீழ் இலைகள் இரண்டு, வெந்த வெங்காயம்போல் ஊடுருவித் தெரியத் தொடங்கின. தொட்டதும் கழன்று விழுந்தன. அதன் பிறகுதான் படிக்கத் தொடங்கினேன். ஒரு செடியைப் பற்றி நான் படித்த அளவுக்கு என் முனைவர் பட்டத்துக்குப் படித்திருந்தால் நெறியாளர் மகிழ்ந்திருப்பார்.

முதல் பிழை மண். அது வந்த தொட்டியில் தேங்காய் நார்க்கழிவுதான் நிறைந்திருந்தது. அது நீரைப் பஞ்சுபோல் பிடித்து வைத்துக்கொள்ளும். எச்சிவேரியாவின் வேர்கள் ஈரத்தில் கிடந்தால் அழுகும். அதற்கு வேண்டியது மண்ணைவிடக் கல். பக்கத்தில் வீடு கட்டும் இடத்திலிருந்து உடைந்த செங்கல்லை வாங்கிவந்து, சுண்டைக்காய் அளவுக்கு நொறுக்கிச் சலித்து, பருமணலும் கொஞ்சம் மண்புழு உரமும் சேர்த்தேன். (நாமக்கல் மாவட்டத்தில் யாரிடம் உரம் கேட்டாலும் கோழி எருவைத்தான் சொல்வார்கள். அதை இந்தச் செடிக்குப் போட்டால் என்ன ஆகும் என்று சோதித்துப் பார்க்க எனக்குத் துணிவில்லை.) அடியில் துளையுள்ள மண்தொட்டி, பிளாஸ்டிக் கூடாது, மண்தொட்டியின் சுவரும் ஈரத்தை வெளியே விடும். இரண்டாவது பிழை, டம்ளர் கணக்கு. இச்செடிக்குக் கிழமை பார்த்துத் தண்ணீர் ஊற்றக் கூடாது. ஊற்றினால் தொட்டியின் அடித்துளை வழியே வடியும்வரை ஊற்ற வேண்டும். பிறகு மண் முற்றிலும் காயும்வரை தொடக் கூடாது. காய்ந்ததா என்பதைத் தொட்டியைத் தூக்கிப் பார்த்தால் எடையே சொல்லிவிடும். இலை சொல்வது அதைவிடத் துல்லியம். நீர் வேண்டும்போது கீழ் இலைகள் சற்றே தளர்ந்து மெல்லிய சுருக்கம் விழும். அப்போது ஊற்றினால் இரண்டு நாளில் நிமிர்ந்துவிடும். சுருங்கிய செடியைக் காப்பாற்றலாம், ஊறிய செடியைக் காப்பாற்றுவது அரிது. இலைகளின் நடுவில் நீர் தேங்கவும் கூடாது. தேங்கினால் துணி நுனியால் ஒற்றி எடுக்க வேண்டும். ஒற்றும்போது அந்த வெண்பூச்சின் மேல் கை படக் கூடாது.

அந்த வெண்பூச்சு ஒருவகை மெழுகு. வெயிலைத் திருப்பி விடுவதற்கும் நீர் ஆவியாகாமல் காப்பதற்கும் செடி தானே சுரந்து பூசிக்கொள்வது. விரல் பட்டால் அழிந்துவிடும். அழிந்த இடத்தில் அதே இலையில் மீண்டும் பழையபடி வராது. இதை அப்பாவிடம் சொன்னபோது, "சாயம் போட்ட நூல ஈரத்துல புடிச்சாலும் இப்படித்தான். கை வெச்ச எடம் காட்டிக் குடுத்துரும்" என்றார்.

இந்தச் செடிகளின் மூச்சைப் பற்றி அறிந்தபோதுதான் எனக்கு உண்மையான வியப்பு ஏற்பட்டது. மற்றச் செடிகள் பகலில் இலைத்துளைகளைத் திறந்து காற்றிலுள்ள கரியமில வாயுவை உள்ளிழுக்கின்றன. திறந்த துளை வழியே நீரும் ஆவியாகி வெளியேறுகிறது. வறண்ட நிலத்துச் செடிக்கு அது கட்டுப்படியாகாது. எனவே இவை பகலெல்லாம் துளைகளை மூடிக்கொண்டு, இரவின் குளிர்ச்சியில் திறந்து வாயுவை வாங்கி, ஒரு புளிப்பு அமிலமாக மாற்றி இலைக்குள் சேமித்து வைக்கின்றன. விடிந்ததும் கதவை அடைத்துக்கொண்டு, இருப்பில் வைத்ததை எடுத்து வெயிலில் உணவு சமைக்கின்றன. அறிவியலார் இம்முறைக்கு இச்செடிகளின் குடும்பமான கிராசுலேசியின் பெயரையே வைத்திருக்கிறார்கள்.

இதற்கு நம் பக்கத்துத் தொடர்பு ஒன்று உண்டு. பள்ளிப் பருவத்தில் புத்தகத்துக்குள் இலையை வைத்துக் குட்டி போடுகிறதா என்று பார்ப்போமே, ரணகள்ளி, அதுவும் இதே குடும்பம்தான். சென்னை மாகாண அரசுப் பணியில் இருந்த பெஞ்சமின் ஹெய்ன் என்ற தாவரவியலாளர், அந்த இலை விடியற்காலையில் புளிப்பதையும், நண்பகலில் சுவையற்றுப் போவதையும், மாலையில் கசப்பதையும் கவனித்து 1813இல் இலண்டன் லின்னேயன் கழகத்துக்குக் கடிதம் எழுதினார். நாக்கால் கண்டறிந்த அறிவியல். நானும் எதிர்வீட்டு ரணகள்ளியில் விடியலில் ஓர் இலையைக் கிள்ளிக் கடித்துப் பார்த்தேன். மாங்காய்ப் புளிப்பு. (கால்நடைகளுக்கு நஞ்சாகும் செடி என்பதால் உடனே துப்பிவிட்டேன், யாரும் தின்ன வேண்டாம்.) மதியம் கல்லூரியிலிருந்து அரை நாள் விடுப்பில் வந்து மீண்டும் கடித்தேன். வெறும் இலை. அப்பா பார்த்துக்கொண்டிருந்தார். "ராத்திரி மூச்சு வுட்டுட்டு, பகல்ல வாய மூடிக்குதா? நானாட்டவே" என்றார். கோடையில் பகலெல்லாம் அவர் வாயை மூடியே வைத்திருப்பார். பேசினால் நா வறளும், நா வறண்டால் தாகம் எடுக்கும் என்பதற்காக.

பெயருக்கும் ஒரு கதை இருந்தது. எச்சிவேரியா என்பது ஓர் ஓவியரின் பெயர். அட்டனாசியோ எச்சிவேரியா இ கோதோய் மெக்சிகோவைச் சேர்ந்தவர். ஸ்பெயின் அரசு 1787 முதல் 1803 வரை மெக்சிகோவில் நடத்திய தாவர ஆய்வுப் பயணத்தில் செசே, மொசிஞோ என்ற அறிஞர்களுடன் சென்று செடிகளை வரைந்தவர். அந்தப் பயணத்தில் வரையப்பட்ட படங்கள் ஏறத்தாழ 2000. அரசியல் குழப்பத்தில் மொசிஞோ ஸ்பெயினை விட்டு வெளியேற நேர்ந்தபோது படங்களும் அவருடன் பிரான்சுக்குப் போயின. அங்கே அவற்றைத் தாவரவியலாளர் தெ கந்தோலிடம் ஒப்படைத்தார். 1817இல் ஊர் திரும்ப வாய்ப்பு வந்ததும், படங்களைத் திருப்பிக் கேட்டார். அப்போது ஜெனீவாவில் இருந்த தெ கந்தோல், திருப்பித் தரும் முன் நகரத்தில் தூரிகை பிடிக்கத் தெரிந்தவர்களையெல்லாம் அழைத்து, சில நாட்களுக்குள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட படங்களுக்கு நகல் எடுக்கச் செய்தார். 1820இல் மொசிஞோ பார்சிலோனாவில் இறந்தார். மூலப் படங்கள் மறைந்துபோயின. நூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேல் கழித்து பார்சிலோனாவின் ஒரு குடும்பத்தாரிடம் அவை இருப்பது தெரியவந்தது. 1981இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் உள்ள ஹன்ட் நிறுவனம் அவற்றை வாங்கியது. இடையில், 1828இல், தெ கந்தோல் இந்தச் செடியினத்துக்கு அந்த ஓவியரின் பெயரைச் சூட்டியிருந்தார்.

ஏடுகள் செல்லரித்துப்போன கதைகளைக் கேட்டே வளர்ந்த தமிழாசிரியை நான். இந்தக் கதையை வகுப்பில் இரண்டு மூன்று முறை சொல்லியிருக்கிறேன். பாடத்துக்கு என்ன தொடர்பு என்று இதுவரை யாரும் கேட்கவில்லை.

என்னிடம் இருந்த வகை காட்டுச் செடி அன்று. இரண்டு எச்சிவேரியா இனங்களைக் கலந்து 1930களில் ஜெர்மனியில் ரிச்சர்ட் கிரேசர் என்பவர் உருவாக்கிய கலப்பினம். நூரன்பர்க்கின் முத்து என்று பெயர். ஆனாலும் அதன் உடல் நினைவில் வைத்திருப்பது மெக்சிகோவின் மேட்டுநிலத்தைத்தான். நல்ல வெயில், மழைக்குப் பின் உடனே வடியும் பாறைச்சரிவு, குளிர்ந்த இரவு. இதை எந்தத் திணையில் அடக்குவது என்று யோசித்திருக்கிறேன். மலை என்பதால் குறிஞ்சி. வறட்சி என்பதால் பாலை. பாலைக்கெனத் தனி நிலம் இல்லை, முல்லையும் குறிஞ்சியும் இயல்பு கெட்டால் பாலையாகும் என்று இளங்கோவடிகள் சொல்வதை ஆண்டுதோறும் நடத்துகிறேன். இச்செடிக்கு இயல்பு கெடவில்லை. அதன் இயல்பே இரண்டும் சேர்ந்ததுதான். பள்ளிபாளையத்தில் அது இரண்டையும் இழந்தது. உதகை 2240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. எங்கள் ஊர் இருநூறு மீட்டர் அளவில். ஏப்ரலில் வெயில் நாற்பது பாகையை ஒட்டி வரும். வெயிலைக்கூடச் செடி தாங்கிவிடும். இரவும் சூடாகவே இருப்பதுதான் கெடுதல். குளிர்ந்தால் திறக்கலாம் என்று காத்திருக்கும் கதவுகளுக்கு அந்த நேரம் வருவதேயில்லை.

நிறமும் போனது. ஊதாவும் சிவப்பும் அச்செடியின் ஆடம்பரமல்ல. கடும் வெளிச்சமும் இரவுக் குளிரும் நீர்க்குறையும் சேரும்போது தற்காப்புக்காக அது ஊற வைத்துக்கொள்ளும் நிறமி. நிழலில் வசதியாக வைத்தால் பச்சையாகிவிடும். வெளிச்சம் தேடிக் கழுத்து நீண்டு, இலைகளுக்கிடையே இடைவெளி விழுந்து, தாமரை அடுக்கு குலைந்துவிடும். எங்கள் மாடியின் கிழக்கு மூலையில், காலை பத்துமணி வரை வெயில் படும்படியும் அதன் பிறகு பச்சை நிழல்வலைக்குக் கீழே இருக்கும்படியும் வைத்தேன். இலைகள் பாதி சாம்பலாகி நின்றன. அப்பா தினமும் காலையில் சுவரைப் பிடித்தபடி போய்ப் பார்த்துவிட்டு வந்து ஒரே தீர்ப்பைச் சொல்வார். "சாயம் நிக்கல அம்மிணி."

அந்த நாட்களில் மாற்றுச் சிறுநீரகம் பற்றியும் பேசினோம். எனக்குச் சர்க்கரை இருப்பதால் என்னுடையது ஆகாது என்றார்கள். தம்பிக்கு இரத்தக் கொதிப்பு. தெரிந்தவர் ஒருவர் வீட்டுக்கு வந்து, தேநீர் குடித்துக்கொண்டே, கொடுப்பதற்கு ஆள் இருக்கிறது, காகிதங்களெல்லாம் சரிக்கட்டிவிடலாம் என்று குரலைத் தாழ்த்திச் சொன்னார். எங்கள் ஊர்க்காரர்களுக்கு இது புதிய செய்தியல்ல. விசைத்தறிக் கூடங்களில் வாங்கிய முன்பணத்தையும் வட்டியையும் அடைக்க இடுப்பில் தழும்பு வாங்கியவர்கள் இங்கே உண்டு. உறுப்பு விற்பனையைத் தடுக்கும் சட்டம் வந்தது 1994இல். 2025 ஜூலையில் பள்ளிபாளையத்தின் பெயர் மறுபடியும் அதே காரணத்துக்காகச் செய்தித்தாள்களில் வந்தது. வந்தவர் போனபின் அப்பா நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு சொன்னார்: "எங்கூடத் தொட்டியில வேல பார்த்தவன் ஒருத்தன் அப்படிக் குடுத்துட்டு வந்தான். அதுக்கப்பறம் ஈரச் சிட்டத்தத் தூக்க அவனால முடியல. எனக்கு வயசு எழுவத்திரெண்டு. அந்தப் பேச்சு இந்த ஊட்டுல வேண்டாம்." அந்தப் பேச்சு எங்கள் வீட்டில் பிறகு எழவில்லை.

மே மாதம் வந்தது. கடும் கோடையில் எச்சிவேரியா ஏறத்தாழ உறங்கும். அப்போது மிகக் குறைவாகத்தான் நீர் தர வேண்டும் என்று படித்திருந்தேன். இருபது நாட்களாக ஒரு சொட்டும் ஊற்றவில்லை. ஆனால் கீழ் இலைகள் சுருங்குவதற்கு மாறாக ஊதிக்கொண்டு வந்தன. தொட்டியைத் தூக்கிப் பார்த்தேன், எடை இருந்தது. இரவுப் பனி இறங்குகிறதோ என்று எண்ணினேன். பள்ளிபாளையத்தில், மே மாதத்தில், பனி! படித்தவர்களுக்குத் தோன்றும் காரணங்கள் இப்படித்தான் இருக்கும்.

அதே வாரம் மருத்துவமனையில் அப்பாவை எடை பார்த்த செவிலியர், இரண்டு முறைக்கும் நடுவில் ஏறும் எடை நன்றாகக் குறைந்திருப்பதாகச் சொன்னார். "ஐயா ரொம்பக் கட்டுப்பாடா இருக்காருங்க" என்று மற்ற நோயாளிகளுக்குக் கேட்கும்படி பாராட்டினார். அப்பா வெட்கப்பட்டுக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார்.

ஒரு விடியற்காலை, ஐந்தரை இருக்கும், மாடிக் கதவு திறக்கும் ஓசை கேட்டு எழுந்து போனேன். அப்பா செடியருகில் குந்தியிருந்தார். கையில் சிவப்பு நூல் கட்டிய பாட்டில். முந்தைய நாள் மிச்சம் பிடித்த நீரை மூடியில் ஊற்றி, கை நடுங்காமல், செடியின் நடுவில் சாய்த்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்கப்பா! தண்ணி ஊத்தக் கூடாதுன்னு சொன்னனில்லைங்க?"

அவர் திடுக்கிட்டுத் திரும்பினார். "ரெண்டு மூடிதான் அம்மிணி. எனக்கு அளந்து வெச்சதுலதான் ஊத்துனேன். ஊட்டுத் தண்ணியத் தொடல."

நான் குனிந்து செடியைத் தொட்டேன். தலை அப்படியே கையோடு வந்துவிட்டது. தண்டு கறுத்துக் கூழாகியிருந்தது. நாற்றம் அடித்தது.

"தண்ணி ஊத்தி ஊத்தியே கொன்னுட்டீங்களேப்பா" என்றேன்.

இந்தச் சொற்களை இங்கே மாற்றி எழுதியிருக்கலாம். எழுதினால் இக்கட்டுரையை எழுத வேண்டிய தேவையே இல்லை. நான் கத்தினேன். விடுப்பு, வாரம் இருமுறை பாலம், குவளை அளவு, உப்பில்லாச் சமையல் எல்லாம் அந்தக் கத்தலில் இருந்தன. அப்பா எழுந்திருக்க முயன்று, முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டார். "நாக்கு ஒணந்து கெடந்துது. எனக்குத் தெரியாதா அந்தக் கஷ்டம்? அதாச்சும் குடிக்கட்டுமேன்னு ஊத்துனேன்" என்று மெதுவாகச் சொன்னார். அன்றைக்கு முழுதும் பாட்டிலைத் திறக்கவே இல்லை. இரவு மாத்திரைக்கு மட்டும் ஒரு மடக்கு.

மறுநாள் நான் கல்லூரியிலிருந்து திரும்பியபோது, மேசைமேல் பழைய செய்தித்தாளில் ஏழு இலைகள் இடைவெளி விட்டு அடுக்கப்பட்டிருந்தன. குப்பைக் கூடையில் நான் வீசியிருந்த தலையை எடுத்து, அழுகல் ஏறாத மேல் இலைகளை அப்பா அடியோடு கழற்றி வைத்திருந்தார். இலையிலிருந்து செடி வரும் என்று நான் எப்போதோ வாசித்துக் காட்டியது அவருக்கு நினைவிருந்திருக்கிறது. இலையை இடவலமாக மெல்ல அசைத்து, அடிநுனி கிழியாமல் முழுதாகக் கழற்ற வேண்டும். நுனி தண்டிலேயே தங்கிவிட்டால் முளைக்காது. நிறம் பார்த்த விரல்கள் அதைச் சரியாகச் செய்திருந்தன. சிட்டங்களை நிழலில் உலர்த்துவதுபோல் நான்கு நாள் காய விட்டோம். பிறகு செங்கல் தூளின் மேல் படுக்க வைத்தோம், புதைக்கவில்லை. நீர் ஊற்றவில்லை. இந்த முறை அவரே காவல். வேலைக்கு வரும் அம்மாவைக்கூட அந்தப் பக்கம் ஈரத்துணியோடு விடவில்லை.

இரண்டு இலைகள் கறுத்தன. மூன்று, வேரும் விடாமல் சாகவும் செய்யாமல் கிடந்து பிறகு சருகாயின. ஒன்று வேர் மட்டும் விட்டது. ஏழாவது இலையின் அடியில் ஆறாவது வாரம் இளஞ்சிவப்பு மயிரிழைகள்போல் வேர்கள் வந்தன. அதன் மேல் எள்ளளவில் ஒரு பச்சைப் புள்ளி. அப்பா என்னுடைய பூதக்கண்ணாடியை வாங்கிப் பார்த்தார். புள்ளியில் நான்கு இலைகள் அடுக்கி இருந்தன. தாய் இலை தன்னிடமிருந்த நீரையெல்லாம் கொடுத்துக் காகிதம்போல் ஆவதற்கு மேலும் மூன்று மாதங்கள் ஆயின. அதன் பிறகுதான் தண்ணீர் தரத் தொடங்கினோம். வேருக்கு அருகில் மட்டும், மூடியால். ஊற்றியவர் அப்பாதான். பாட்டிலிலிருந்து ஊற்றக் கூடாது, குழாயிலிருந்து பிடித்துத்தான் ஊற்ற வேண்டும் என்பது எங்களுக்குள் ஒப்பந்தம். கொன்றுவிட்டீர்கள் என்று சொன்னதற்கு நான் மன்னிப்புக் கேட்கவில்லை. அவரும் எதிர்பார்த்ததுபோல் தெரியவில்லை. நாள்தோறும் மாலையில் செடியைப் பற்றிப் பேசினோம்.

2024 தொடக்கத்தில் அது ஓர் ஒற்றை ரூபாய் நாணய அளவுக்கு வந்தது. மார்கழி, தைக் குளிரில் ஓரங்களில் நிறம் ஏறியது. "வெங்காயத்தோல் வந்திருச்சு. கத்திரிப்பூ இன்னுங் கொஞ்சம் வரணும்" என்றார். ஜூன் மாதத்தில் ஒரு நாள், நீர் வேண்டுமா என்று பார்ப்பதற்காக நடுவில் புதிதாக விரிந்திருந்த இலையைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துவிட்டார். மெழுகு அழிந்து, சாம்பல் இலையில் விரல்ரேகை அப்படியே பதிந்துவிட்டது. பதறிப்போய் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். பரவாயில்லைங்கப்பா, புது இலைகள் வரும்போது இது வெளியே தள்ளப்பட்டுவிடும் என்றேன். அப்படித்தான் இச்செடி வளர்கிறது. நடுவில் பிறக்கும் இலைகள் பழையவற்றை ஒவ்வொரு சுற்றாக வெளியே தள்ளும். கடைசிச் சுற்றுக்கு வந்த இலை தன் நீரை நடுவுக்குக் கொடுத்துவிட்டுக் காய்ந்து ஒட்டிக்கொண்டிருக்கும்.

அப்பா 2024 செப்டம்பரில், ஒரு வியாழன் இரவு, தூக்கத்தில் இறந்தார். மறுநாள் வெள்ளி, டயாலிசிஸ் நாள். வரவில்லையே என்று மருத்துவமனையிலிருந்து தொலைபேசி வந்தபோதுதான் அவர்களுக்குச் சொல்லவில்லை என்பது நினைவுக்கு வந்தது. சமையலறையில் அன்றைக்கான நீர் அளந்து வைக்கப்படவில்லை. முந்தைய நாள் பாட்டிலில் சிவப்பு நூலுக்கு ஒரு விரற்கடை கீழே தண்ணீர் மிச்சம் இருந்தது.

செடி இப்போது உள்ளங்கை அகலம் இருக்கிறது. பள்ளிபாளையத்தின் இரண்டு கோடைகளை அது தாண்டிவிட்டது. உதகையில் வாங்கிய செடிக்கு முடியாதது, இங்கே முளைத்ததற்கு ஓரளவு முடிகிறது. நிழல்வலையை மார்ச் முதல் வாரத்திலேயே கட்டிவிடுகிறேன். மே, ஜூனில் சுருக்கம் விழுந்தால் மட்டும் மாலையில் கொஞ்சம் நீர். மாவுப்பூச்சி வந்தால் பஞ்சில் சாராயம் தொட்டுத் துடைக்கிறேன். காய்ந்த கீழ் இலைகளுக்கு அடியில்தான் அப்பூச்சி ஒளியும் என்பதால், ஞாயிறுதோறும் இடுக்கியால் அவற்றை எடுத்துவிடுவது வழக்கம்.

விரல்ரேகை பதிந்த இலை சுற்றுச் சுற்றாக வெளியே வந்து, சென்ற கார்த்திகையில் கடைசி வரிசைக்கு இறங்கியது. தையில் சுருங்கத் தொடங்கி, இப்போது முழுதும் காய்ந்து பழுப்பாகிவிட்டது. சாய்த்து வெளிச்சத்தில் பிடித்தால் ரேகை இன்னும் தெரிகிறது. இந்த ஞாயிறும் இடுக்கியோடு போனேன். மற்ற காய்ந்த இலைகளை எடுத்துவிட்டு, அதன் அடியில் பூச்சி இருக்கிறதா என்று மட்டும் தூக்கிப் பார்த்து, அப்படியே விட்டுவிட்டு வந்தேன்.